மலர் குழுவில் தானியேலின் மகள்

தானியேலுக்குக் கண்ணாடி என்று ஒன்று இருந்ததே இல்லை. ஆனாலும் அதை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வராத நாள் கிடையாது. பேங்கில் சலானைக் கொடுத்தால், "கண்ணாடிய ஊட்ல வெச்சிட்டேன் சார், கொஞ்சம் எழுதிக் குடுங்க" என்பார். மருந்துக் கடையிலும் அதே கண்ணாடிதான். ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அந்தப் பக்கம் வருவது யார் வண்டி என்று சொல்லிவிடுகிற பார்வை அவருக்கு. முப்பத்தெட்டு வயதுக்குள் அவர் மறந்து வைத்த கண்ணாடிகளைச் சேர்த்தால் பஜாரில் ஒரு கடையே போடலாம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு இரும்பு மில்லில் வேலை. தலைக்கு மேலே ஓடும் கிரேனுக்குக் கீழே நின்று கை காட்டுகிற வேலை. விரலைச் சுழற்றினால் தூக்க வேண்டும், உள்ளங்கையைத் தாழ்த்தினால் இறக்க வேண்டும், கையை இறுக்கி மூடினால் நிறுத்த வேண்டும். கம்பிக் கட்டு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அவர் கை சொன்னபடிதான் நகரும். எழுத்து எதுவும் குறுக்கே வராத வேலை என்றுதான் அதைத் தேடிப் பிடித்திருந்தார். எண்கள் தெரியும். கையெழுத்தைப் படம் வரைவதுபோல் போட்டுவிடுவார். அதற்கு மேல் தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது.

இத்தனைக்கும் மனுஷன் எட்டாவது பாஸ். அப்பாவும் அம்மாவும் பிறர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். பையன் பள்ளிக்கூடம் போகிறான் என்பதே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. இரண்டாம் வகுப்பில் மஞ்சள் காமாலை வந்து நெடுநாள் படுத்துக் கிடந்துவிட்டுத் திரும்பியபோது பாடம் எங்கேயோ போயிருந்தது. "புரியலை சார்" என்று எழுந்து நின்று சொன்னார். வகுப்பு சிரித்தது, வாத்தியாரும் சேர்ந்து சிரித்தார். அதற்கப்புறம் அவர் எழுந்து நிற்கவே இல்லை. பக்கத்துப் பையன் படிப்பதைக் காதில் வாங்கி, அரை நொடி தாமதித்து, அப்படியே சொல்லப் பழகிக்கொண்டார். யாரையும் ஃபெயில் ஆக்கக் கூடாது என்ற காலம் அது. ஒவ்வொரு வருஷமும் அடுத்த வகுப்புக்குத் தள்ளிவிட்டார்கள், கடைசியில் வாசலுக்கு வெளியே தள்ளியது வரைக்கும்.

வெளியே வந்த பிறகு பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. ஒருமுறை ஜாதிச் சான்றிதழ் விஷயமாகத் திருவள்ளூர் போனவர், திரும்பும்போது பஸ் நிலையத்தில் யாரோ கேட்ட கேள்விக்குக் கண்டக்டர் தலையாட்டியதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு ஏறிவிட்டார். இறங்கியது பள்ளிப்பட்டில். சுற்றிலும் பாதிப் பேர் தெலுங்கு பேசிக்கொண்டிருந்தார்கள். ராத்திரி வீடு வந்து சேர்ந்து, பழைய கூட்டாளியைப் பார்க்கப் போனதாகப் பொய் சொன்னார். எந்தக் கூட்டாளி என்று ஆரோக்கியமேரி கேட்கவில்லை. அவர் மனைவி பத்தாவது வரை படித்தவள், சிப்காட்டிலேயே ஒரு முறுக்குக் கம்பெனியில் பாக்கிங் வேலைக்குப் போகிறவள். தன்னுடைய ரகசியம் அவளுக்குத் தெரியாது என்றுதான் தானியேல் நம்பிக்கொண்டிருந்தார்.

இவர்களுடைய ஒரே பெண் ஏஞ்சல், ஊர் அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. அங்கே இப்போது பிள்ளைகளை மூன்றாகப் பிரித்து உட்கார வைக்கிறார்கள். எழுத்துக் கூட்டத் திணறுகிற பிள்ளைகள் அரும்பு, கொஞ்சம் தேறியவர்கள் மொட்டு, தானாகப் படிக்கிறவர்கள் மலர். செண்பகம் டீச்சர் காலையில் முதல் வேலையாக அரும்புப் பாயில் போய் உட்கார்ந்துகொண்டு எழுத்தட்டைகளைப் பரப்பிவிடுவார். அங்கேயும் ஏறாத பிள்ளைகளுக்காக வெள்ளிக்கிழமைகளில் வெளியிலிருந்து ஒரு தனி டீச்சர் வந்து, ஒவ்வொருவராகப் பக்கத்தில் வைத்துச் சொல்லிக் கொடுப்பார். பின்தங்கினவர்களைச் சின்ன வயதிலேயே பிடித்துத் தூக்கிவிடுகிற நல்ல ஏற்பாடு. ஆனால் ஊர் சும்மா இருக்குமா? குழாயடியில் "உன் பொண்ணு இன்னும் அரும்புலதான் கீதா?" என்று கேட்டுக் கேட்டு அதையும் மானப் பிரச்சினை ஆக்கிவிட்டார்கள்.

ஏஞ்சல் மலர். ஆரோக்கியமேரி இதைக் கம்பெனி வேனில் சொல்லாத நாளில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் சிறுவர் பூசை. மன்றாட்டுகளைப் பிள்ளைகளே வாசிக்க வேண்டும் என்று கன்னியர் மடத்து சிஸ்டர் ஏற்பாடு செய்து, ஆளுக்கொரு கலர் தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். ஏஞ்சலுடையது ரோஸ் தாள். அவளுக்கு முன்னால் வாசித்த பென்னி தன்னுடைய மஞ்சள் தாளை மேடையிலேயே வைத்துவிட்டு, அடுத்து அவளுக்காக வைத்திருந்த ரோஸ் தாளைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டான். ஏஞ்சல் ஏறினாள், மஞ்சள் தாளைக் கையில் எடுத்தாள், மழை வேண்டியும் ஆலைகளில் உழைப்போரின் பாதுகாப்பு வேண்டியும் தன்னுடைய மன்றாட்டை ஒரு சொல் பிசகாமல் கணீரென்று வாசித்தாள். "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது சபை.

ஆரோக்கியமேரிக்குக் கண் கலங்கிவிட்டது. முன்வரிசையிலிருந்து ஒருவர் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். தாள் மாறியதைத் தானியேல் மட்டும் பார்த்தார். தாளின் மேல் இருந்த ஏஞ்சலின் கண்கள் அசையாமல் ஒரே இடத்தில் நின்றதையும் பார்த்தார். ஜெபப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அவரும் அப்படித்தான் இத்தனை வருஷமாக நிற்கிறார். மனப்பாடமாகச் சொன்னால் என்ன தப்பு, பிள்ளைதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். ஆனால் மனப்பாடமாகச் சொல்கிற பிள்ளை பார்க்காமலே சொல்லிவிடலாம். படிக்கிற மாதிரி தாளைப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவளை மடியில் இருத்தி, கறிக்கடைக்காரர் சுற்றிக் கொடுத்த பேப்பரைக் காட்டி, "இது இன்னா எழுத்து கண்ணு?" என்றார்.

"எனக்குப் பசிக்குதுப்பா" என்று ஏஞ்சல் இறங்கி ஓடிவிட்டாள்.

திங்கள்கிழமை ஷிப்ட் மாற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போனார். வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார். செண்பகம் டீச்சர் அப்போதுதான் பொன்னேரி பஸ்ஸிலிருந்து இறங்கி வேகவேகமாக வந்துகொண்டிருந்தார். ஐந்து வகுப்புக்கு இரண்டே டீச்சர் இருக்கிற பள்ளி. நின்று பேச நேரமில்லாத மனுஷி. நடந்துகொண்டே பேசினார்.

"ஏஞ்சலா? அது மலருங்க. அதப் பத்திக் கவலையே படாதீங்க. எந்த அட்டையா இருந்தாலும் யாராவது ஒரு தரம் படிச்சுக் காட்டினா போதும், அப்படியே பிடிச்சுக்கும். இந்த வெள்ளிக்கிழமை வெளியிலேர்ந்து அந்தத் தனி டீச்சர் வந்து இந்தப் பருவத்துக்குத் தனியாச் சொல்லித்தர வேண்டிய பிள்ளைங்கள எடுக்கறாங்க. எனக்கு அந்தப் பிள்ளைங்க கவலைதான். உங்க பொண்ணால எனக்குத் தொந்தரவே இல்ல."

ஒரு தரம் படித்துக் காட்டினால் போதும். தொந்தரவே இல்லை. இதே வார்த்தையைத்தான் தானியேலின் வாத்தியாரும் அவருடைய அப்பாவிடம் சொன்னார், தொந்தரவே இல்லாத பையன் என்று.

"சரிங்க டீச்சர்" என்று கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார். வாயைத் திறந்தால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று டீச்சர் கேட்பார். அதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. அந்தப் பதிலை முப்பது வருஷமாகத் தொண்டைக்குள் அமுக்கி வைத்திருக்கிறவர் வண்டியை மிதித்துக் கிளப்பிக்கொண்டு மில்லுக்குப் போய்விட்டார். கோழை என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டார், அதுவும் மனசுக்குள்ளேதான்.

செவ்வாய்க்கிழமை தூக்கமில்லை, சோறும் இறங்கவில்லை. இந்த வருஷத்துக்கு இதுதான் கடைசிப் பருவம், வெள்ளிக்கிழமை போனால் அடுத்த பருவம்தான். அதற்குள் மூன்றாம் வகுப்பே வந்துவிடும், பாடம் பெரிசாகிவிடும், பெண் இன்னும் கெட்டிக்காரத்தனமாக மறைக்கக் கற்றுக்கொள்வாள். எவ்வளவு நன்றாக மறைக்கிறாளோ அவ்வளவு தூரம் உள்ளே போய்விடுவாள். இந்தக் கணக்கு அவருக்கு நன்றாகத் தெரியும்.

புதன்கிழமை மதியம் மில்லில் கரண்ட் போய் வந்தது. கம்பி ஓடுகிற உருளை மேடை நின்றுபோயிருந்தது. சூப்பர்வைசர் தூரத்திலிருந்து, "தானியேல், லைனை ஓட வுடு" என்று கத்தினார். தானியேல் சுவிட்சுப் பெட்டிக்குப் போனார். கைப்பிடியில் கயிறு கட்டி ஒரு அட்டை தொங்கியது. வழக்கமாக ஆள் உள்ளே வேலை பார்த்தால் சிவப்புத் தகடு மாட்டுவார்கள். சிவப்பு என்றால் அவர் தொடவே மாட்டார். இது அட்டைப் பெட்டியைக் கிழித்துக் கரியால் கிறுக்கியது. என்னவோ எழுதியிருந்தது. ஏதோ பழைய குப்பை என்று ஒதுக்கிவிட்டுக் கைப்பிடியில் கை வைத்தார்.

மேடைக்கு அடியில் ஸ்பானர் ஒன்று விழுந்து உருண்ட சத்தம் கேட்டது. கை அப்படியே நின்றது.

அடியிலிருந்து வரதன் தவழ்ந்து வந்தான். ஃபிட்டர் வேலை பார்க்கிறவன், சின்ன வயசு, கல்யாணமாகி ஆறு மாசம்கூட ஆகவில்லை. கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே, "இன்னாண்ணே, செவப்புத் தகடு கெடைக்கலன்னு அட்டைல எழுதி மாட்டிக்கீறேன், ஆள் உள்ள இருக்குன்னு. படிக்கலயா?" என்றான். கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டான்.

"கவனிக்கலடா" என்றார் தானியேல். அவன் மறுபடி அடியில் போனான். இவர் கழிவறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அந்த ஸ்பானர் அவன் கையிலேயே இருந்திருந்தால் லைன் ஓடியிருக்கும்.

அன்றைக்குச் சாயங்காலம் ஏஞ்சல் பக்கத்து வீட்டில் டிவி பார்க்கப் போயிருந்தபோது ஆரோக்கியமேரியிடம் சொன்னார்.

"மேரி, ஏஞ்சலுக்குப் படிக்கத் தெரியாது. கேட்டுக் கேட்டுச் சொல்றா. டீச்சருக்கே தெரியல. அவள அரும்புல போடச் சொல்லணும், அந்தத் தனி டீச்சர்கிட்ட உடணும்."

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கை நிற்கவில்லை. "உனுக்கு இன்னா பைத்தியமா? கோயில்ல அத்தினி பேரு முன்னாடி படிச்சுது, நீ பாக்கல?"

"தாளு மாறிப்பூட்ச்சி மேரி. பென்னி தாள வெச்சிக்கினு அவளுது சொன்னா."

"டீச்சரே மலருன்னு சொல்லுது. படிச்ச டீச்சரு. நீ இன்னாத்தக் கண்ட? உனுக்கு எப்டித் தெரியும்?"

அடுப்பில் எண்ணெய் காய்ந்து புகைந்தது. ஆரோக்கியமேரி எழுந்து அதை அணைத்துவிட்டு அவரைப் பார்த்து நின்றாள்.

"சொல்லேன்யா. இன்னிக்காச்சும் உன் வாயால சொல்லு. ரேஷன் கடைக்கும் பேங்குக்கும் நான் எதுக்குப் பின்னாடியே வரேன்னு நெனச்ச? எனுக்கு லீவு ஜாஸ்தியா கீதுன்னா?"

அவர் தலை தொங்கிவிட்டது. கல்யாணமான வருஷமே தெரியுமாம். பள்ளிப்பட்டுக் கூட்டாளி கதையைக் கேட்டுவிட்டு, அன்றைக்கு ராத்திரி திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதாளாம். இப்போதும் அழுதாள், ஆனால் கோபத்தில்.

"எம் பொண்ணாவது நல்லாப் படிக்குதுன்னு ஊரு பூரா சொல்லிக்கினு கீறேன். இப்பப் போயி அரும்புல குந்த வெச்சா இன்னா சொல்வாங்க தெரியுமா? அப்பன மாதிரின்னு..." அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். சொன்னது சொன்னதுதான்.

"அப்பன மாதிரிதான் ஆவப் போறா" என்றார் தானியேல். "அதான் மேரி எனுக்குப் பயம். இன்னிக்கி ஒருத்தன என் கையாலயே கொன்னிருப்பேன்." சுவிட்சுப் பெட்டிக் கதையை அதற்கப்புறம்தான் சொன்னார். கேட்கக் கேட்க அவள் முகத்தில் இருந்த கோபம் இறங்கிப்போய் வேறொன்று வந்து உட்கார்ந்தது. கடைசியில் வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு அவர் பக்கத்தில் வந்து சரிந்தாள்.

"நான் வந்து டீச்சராண்ட சொல்லட்டா?"

"நீ சொன்னா, எப்டித் தெரியும்னு கேப்பாங்க."

ஏஞ்சல் வந்தாள், சாப்பிட்டாள், கோயில் மன்றாட்டை இன்னொரு தரம் ஒப்பித்துக் காட்டினாள். ஆரோக்கியமேரி இந்தத் தடவை மெச்சவில்லை.

வியாழக்கிழமை காலையில் மணி அடிப்பதற்கு வெகு முன்பே பெண்ணை வண்டியில் வைத்து அழைத்துக்கொண்டு போனார். வகுப்பில் செண்பகம் டீச்சர் பாய்களை உதறிப் போட்டுக்கொண்டிருந்தார். சீக்கிரமே வந்துவிட்ட இரண்டு மூன்று பிள்ளைகள் ஜன்னலோரம் விளையாடிக்கொண்டிருந்தார்கள். தானியேல் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

"டீச்சர், தப்பா நெனச்சிக்காதீங்க. ஏஞ்சலுக்குப் படிக்க வரலன்னு எனக்கு ஒரு சந்தேகம். யாரும் இன்னும் படிக்காத அட்டையா ஒண்ணு குடுத்துப் பாருங்க."

டீச்சருக்கு ஆச்சரியம். எல்லாப் பெற்றோரும் மேலே ஏற்றச் சொல்லித்தான் சண்டைக்கு வருவார்கள். பீரோவைத் திறந்து பிரிக்காத கட்டிலிருந்து ஒரு அட்டையை உருவி ஏஞ்சலிடம் கொடுத்தார். ஏஞ்சல் அதை இரண்டு கையாலும் அழகாகப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "தண்ணி குடிச்சிட்டு வரேன் டீச்சர்" என்றாள்.

குடித்துவிட்டு வந்தாள். "எனக்கு ஒண்ணுக்கு வருது டீச்சர்."

போய்விட்டும் வந்தாள். "டீச்சர், இதுல குட்டி குட்டியா போட்டிருக்கு."

"கூச்சப்படுது" என்று டீச்சர் சிரித்தார். "அப்பா எதிர்ல நிக்கறாரு இல்ல, அதான். புது அட்டை வேற." ஏஞ்சல் கையிலிருந்து அட்டையை வாங்கி தானியேலிடம் நீட்டினார். "நீங்களே ஒரு தரம் படிச்சுக் காட்டுங்க ஏஞ்சல் அப்பா. அப்புறம் பாருங்க, கடகடன்னு சொல்லிடும்."

அட்டை தானியேலின் கைக்கு வந்துவிட்டது. மேலே ஒரு மாட்டுப் படம். கீழே நாலைந்து வரிகள் இருந்தன. ஏஞ்சல் அவர் பக்கத்தில் வந்து ஒட்டி நின்றுகொண்டு, அட்டையைப் பார்க்காமல் அவர் வாயைப் பார்த்தாள். உதடு லேசாகத் திறந்திருந்தது. விழுகிற ஒவ்வொரு சொல்லையும் பிடித்துக்கொள்ளத் தயாராக இருந்தாள். எப்படி நிற்க வேண்டும், எங்கே பார்க்க வேண்டும், எவ்வளவு தாமதிக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தானாகவே கண்டுபிடித்திருக்கிறாள். அவரைப் போலவே.

பழக்க தோஷத்தில் ஒரு சாக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. படத்தில் மாடு இருக்கிறது, மாட்டைப் பற்றி நாலு வார்த்தை அடித்துவிட்டால்கூட ஓடிவிடும். பெண் காப்பாற்றுவாள் என்று நம்பி நிற்கிறாள். ஜன்னலோரம் விளையாடிய பிள்ளைகளும் நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்க்கிறார்கள். சாயங்காலத்துக்குள் ஊர் பூராவும் பரவிவிடும். தானியேல் அட்டையை டீச்சரிடமே திருப்பி நீட்டினார்.

"எனக்குப் படிக்கத் தெரியாது டீச்சர்" என்றார்.

டீச்சர் புரியாமல் பார்த்தார். தானியேல் இன்னொரு தரம் சொன்னார், இந்த முறை நிறுத்தாமல். "ஒரு எழுத்தும் தெரியாது. யார்னா படிச்சா அப்டியே திருப்பிச் சொல்லுவேன். இதோ இவ நிக்கிறா பாருங்க, இதே மாதிரி நின்னுக்கினேதான் எட்டாவது வரைக்கும் வந்தேன். யாருமே கண்டுபுடிக்கல. நானும் யாராண்டயும் சொல்லல."

டீச்சரின் பார்வை அவர் முகத்திலிருந்து மெல்ல இறங்கி ஏஞ்சலிடம் போய் நின்றது. அத்தனை நாள் அந்தப் பெண் மடமடவென்று ஒப்பித்த ஒவ்வொரு அட்டைக்கும் முன்னால் யார் படித்தார்கள் என்று யோசித்தாரோ என்னவோ, டீச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது. அப்படியே முழங்காலிட்டுக் குழந்தையின் உயரத்துக்கு இறங்கினார். ஆனால் ஏஞ்சல் டீச்சரைப் பார்க்கவில்லை. அப்பாவையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் வெட்கமோ பயமோ ஒன்றும் இல்லை. இத்தனை நாளும் தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"எனுக்குந்தாம்பா தெரியாது" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி, சந்தோஷமாக.